மூன்றாவது சித்தாள்

மறுபடியும் போட்டுவிட்டாள். மூன்றாவது சித்தாள்தான், வேறு யார். முதல் ஆள் தொட்டியிலிருந்து பந்தை அள்ளுகிறாள், சரி. இடுப்பைத் திருப்பி இரண்டாவது ஆள் சட்டியில் கவிழ்க்கிறாள், அதுவும் சரி. இரண்டாவது ஆள் திரும்பி இவளுக்குக் கொடுக்கிறாள், இவள் வாங்குகிறாள், வாங்கிக்கொண்டு பாதித் திருப்பத்தில் நிற்கிறாள். நின்று யோசிக்கிறாள். யோசிக்கிற நேரமாடி இது? மேல்படியில் நாலாவது ஆள் சட்டியை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிப் போயே போய்விட்டாள். அதற்கப்புறம் இவளுக்கு ரோஷம் வந்து வெடுக்கென்று ஒரு திருப்பு, பந்து மேஜையில் விழுந்து, உருண்டு, தரைக்குப் போய், பிரிட்ஜுக்கு அடியில். நான் குனிய வேண்டும். விளக்குமாற்றைப் படுக்கப்போட்டுத் துழாவ வேண்டும். சாப்பிட்ட தட்டைக்கூட இன்னும் கழுவவில்லை, சாம்பார் காய்ந்து ஒட்டிப்போயிருக்கும், அதைவிட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் பொம்பளையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறேன். ஏழு ஆள். ஏழும் ஒரே கம்பியில் கோத்தவை, ஒரே மோட்டார், ஒரே இழுப்பு. மற்ற ஆறு பேருக்கும் இல்லாத கொழுப்பு இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பல்சக்கரத்தை மாற்றியாயிற்று. மோட்டாரைத் திட்டியாயிற்று. பாட்டரி புதுசு. கம்பி வளைந்திருக்கிறதோ என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாயிற்று, நேராகத்தான் இருக்கிறது, வளைந்திருப்பது என் முதுகுதான். நாளைக்குக் காலையில் இதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போக வேண்டும். போக வேண்டுமா? இவள் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் போக வேண்டாம். நினைத்தவுடனே வயிற்றில் ஏதோ ஒன்று இளகியது, அது சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ள எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எதிர் மனையில் தளம் போட்ட அன்றைக்குப் பால்கனியில் நின்று பார்த்தது. கலவை மிஷின் ஓர் ஓரத்தில் கத்திக்கொண்டிருக்கிறது, சாரத்தில் படிக்குப் படி பெண்கள், கீழே இருப்பவள் சட்டியைத் தூக்கினால் அது மேலே போகிறவரை நிற்கவே இல்லை. ஒருத்தியும் சட்டியைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே, யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டே, கையை நீட்டினால் சட்டி வருகிறது, திரும்பினால் சட்டி போகிறது. வருமா என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு நின்று நின்று கால் கடுத்துப்போயிற்று, ஆனால் உள்ளே போக மனசில்லை. மத்தியானம் அவர்களுக்கு பிரியாணிப் பொட்டலம் வந்தது, வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நான் உள்ளே வந்து தயிர் ஊற்றிப் பிசைந்து தின்றேன். அன்றைக்குச் சாயங்காலமே, ஒன்றோடொன்று செருகிக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டை டப்பாக்களைக் கொட்டி உட்கார்ந்துவிட்டேன். வாங்குகிற கை, கொடுக்கிற கை, நடுவில் ஓர் இடுப்பு. மூன்று தடவை கட்டிப் பிரித்தேன். முதலில் கட்டியதில் ஏழு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள், கொடுக்கப் போகிறபோது வாங்குகிறவள் முதுகைக் காட்டினாள். ஒன்று விட்டு ஒன்று எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும் என்று புரியவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. இத்தனைக்கும் வாழ்நாள் முழுக்க கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். சேலைக்குச் சிவப்புக் கட்டை, பச்சைக் கட்டை, தலைமேல் சும்மாட்டுக்கு வெள்ளை வட்டம். முகத்துக்கு மஞ்சள் தலை, எல்லாம் ஒரே மாதிரி சிரிக்கிற தலை. ஏழாவது ஆள் கொடுக்கிற இடத்தில் வாங்க ஆள் கிடையாது. அங்கே என் வீட்டுக்காரி கோமதியின் பித்தளைச் சட்டியை வைத்திருக்கிறேன், டங் டங்கென்று விழுந்ததில் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார், அப்புறம் சட்டிக்குள் துண்டைப் போட்டேன். சட்டி நிறைந்தால் நானே எடுத்துப்போய் இந்தப் பக்கத் தொட்டியில் கொட்டுகிறேன். கொடுக்கிறவனும் நான், வாங்குகிறவனும் நான். பார்க்கிறவனும் நான்தான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

முதல் கட்டை டப்பா எனக்காக வாங்கியது இல்லை. தங்கை பேரனுக்குப் பிறந்தநாள். கடைக்காரன் கலர் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்தான், நானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹோட்டல் வாசல்வரை போனேன். வாசலில் ஃப்ளெக்ஸ், பலூன் வளைவு, கண்ணாடிக் கதவு. கதவுக்கு உள்ளே ஐம்பது பேர், எல்லோரும் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார் பக்கம் போவது? முதலில் யாரைப் பார்த்துச் சிரிப்பது? கையை எங்கே வைத்துக்கொள்வது? கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்றுகூட ஒரு கணம் தெரியவில்லை. பின்னால் வந்த குடும்பம் ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். போனில் காய்ச்சல் என்றேன். "பரவாயில்லண்ணே, உடம்பைப் பாத்துக்கோ" என்றாள் தங்கை. டப்பா வாரக்கணக்கில் மேஜையிலேயே கிடந்தது, ஒரு நாள் ரிப்பனை அவிழ்த்தேன். கோமதி இருந்தவரைக்கும் மண்டபம் என்றால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவள் முன்னால், நான் பின்னால், அவள் பையைப் பிடித்துக்கொண்டு. "சும்மா வாங்க, யாரும் கடிச்சிர மாட்டாவ" என்று சொல்லிக்கொண்டே நுழைவாள். பன்னீர் தெளிக்கிற பெண்ணிடம் பேர் கேட்பாள், மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் ஊர் கேட்பாள். "இவ்வோ பேச மாட்டாவ, ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பாவ" என்று என்னைக் காட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அதோடு என் வேலை முடிந்தது. பந்தியில் எனக்கு ரசம் வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்திருந்தபோதும் டாக்டர் என்னைக் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். நான் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குக் கோபம்தான், யாரிடம் சொல்ல? கொஞ்சமாவது என்னைப் பேசவிட்டிருக்கலாம் பாவி.

இதோ கிடைத்துவிட்டது பந்து, ஒரு வெங்காயச் சருகோடு. சரி, மூன்றாவது ஆளைக் கழற்று. இடுப்பு நன்றாகச் சுற்றுகிறது. தோள், சரி. முழங்கை... அட. முழங்கையை விரலால் மடக்கினால் மடங்குகிறது, விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. மற்றவர்களுடையது விட்டால் தொப்பென்று தொங்குகிறதே. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தால், கறுப்புப் பின்! மடக்கு இடத்தில் கறுப்புப் பின்னைச் செருகி வைத்திருக்கிறேன், முட்டாள். கறுப்பு இறுக்கிப் பிடிப்பதற்கு, சுவருக்கும் சட்டத்துக்கும் போடுவது. அசைகிற இடத்துக்குச் சாம்பல் பின், அதுதான் வழவழவென்று சுற்றும். ஆரம்பப் பாடம் இது. மாதக்கணக்காக ஒருத்தியைக் கொழுப்பு பிடித்தவள் என்று திட்டிக்கொண்டிருந்தேனே, அவள் கையை நானே கட்டிப்போட்டுவிட்டு. மன்னிச்சுக்கோம்மா. சாம்பல் பின் எங்கே, இந்த டப்பாவில் இல்லை, இதில் இருக்கிறது, செருகு. டக். கை தொங்குகிறது. மோட்டாரைப் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று, ஐயோ கொடுத்துவிட்டாள், நாலு, ஐந்து, ஆறு, ஏழு, சட்டியில் தொப். அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒருத்தியும் பார்க்கவில்லை, எல்லோரும் எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, பந்து மட்டும் மேலே மேலே போகிறது. அன்றைக்குப் பால்கனியிலிருந்து பார்த்தேனே, அதுவேதான். அடேயப்பா. நம்பிராஜா, நீ கெட்டிக்காரன்டா. வாய்விட்டுச் சொன்னேனோ? திரும்பிப் பார்த்தேன், கோமதிக்குக் காட்டத்தான், பழக்கதோஷம். சமையலறை வாசலில் தரை துடைக்கும் துணி காய்ந்துகொண்டிருந்தது.

ஆக, வேலை செய்கிறது. செய்துதொலைத்துவிட்டது. தொட்டியில் இருந்த பந்தெல்லாம் சட்டிக்குப் போய்ச் சேர்ந்து, கைகள் சும்மா திரும்பித் திரும்பி வெறுஞ்சட்டியை நீட்டிக்கொண்டிருக்கின்றன, நிறுத்தத் தோன்றவில்லை. நாளைக்கு மண்டபம். கட்டை கட்டுகிறவர்களின் வாட்ஸப் குரூப் ஒன்றில் இருக்கிறேன், அதில் எல்லோரும் ஆளுக்கொரு மிஷின் கட்டிக்கொண்டு வருவார்கள், நீள நீளமாக மேஜை போட்டு ஒட்டி ஒட்டி வைப்பார்கள். ஒருவர் மிஷின் கொடுக்கிற பந்தை அடுத்தவர் மிஷின் வாங்க வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு, இப்படியே மண்டபம் முழுக்க. வேடிக்கை பார்க்கக் குழந்தை குட்டிகளோடு ஜனம் வரும். நான் வீடியோவில் பார்த்ததுதான், ஒரு தடவையும் போனதில்லை. முதல் தடவை முதுகுவலி என்று போட்டேன், "பரவாயில்லை சார்" என்று கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழுந்தது. இரண்டாவது தடவை மோட்டார் ரிப்பேர், அதற்கும் பரவாயில்லை சார். எவ்வளவு நல்லவர்கள். யாராவது ஒருத்தர் ஏன்யா என்று கேட்டிருக்கலாம். நடத்துகிற பையன் இர்ஃபான் இந்தத் தடவை தனியாகவே எழுதிவிட்டான்: "சார், கண்டிப்பா வருவீங்கன்னா மட்டும் பேர் போடறேன், கடைசி நேரத்துல இல்லைன்னா லைன் அறுந்துடுது." மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் இந்தத் தடவையும் போகாவிட்டால் இனிமேல் என் பேரைப் போட மாட்டான், அது எனக்குத் தெரியும். அவனும் போடக் கூடாதுதான். அதற்கப்புறம் இந்த ஏழு பேரும் நானும் சட்டியும்தான், மிச்சக் காலம் பூராவும். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் அந்தக் கண்ணாடிக் கதவு. எதை நினைப்பது?

இர்ஃபான் காலையில் குரூப்பில் படம் ஒன்று போட்டிருந்தான், மேஜை வரிசை. பெரிதாக்கிப் பார்க்கிறேன். பெட்டி பெட்டியாக வரைந்து, பெட்டிக்குள் பேர். பூங்கொடி மேடம், பல்லடம். அடுத்த பெட்டி நம்பிராஜன் சார். என் பேரை இப்படி நடுவில் எழுதி நான் பார்த்ததே இல்லை, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் அம்புக்குறி, இடதிலிருந்து வலது. இடதிலிருந்து வலது... போனை மேஜையில் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் தொட்டி எங்கே இருக்கிறது? வலது பக்கம். சட்டி? இடது பக்கம். என்னது? எழுந்து நின்று பார்த்தேன். நின்று பார்த்தாலும் வலது வலதுதான். எதிர் மனையில் கலவை மிஷின் வலது ஓரத்தில் இருந்தது, சாரம் இடது பக்கமாக ஏறியது, பார்த்தது பார்த்தபடி கட்டிவைத்திருக்கிறேன். ஊர் உலகத்தில் எல்லோரும் இடதிலிருந்து வலதுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, நான் ஒருத்தன் மட்டும் எதிர்த்திசையில். அந்த அம்மா பந்தைக் கொடுக்கிற இடத்தில் என் ஏழாவது ஆள் முட்டிக்கொண்டு நிற்பாள். மோட்டாரைத் திருப்பி ஓட்டினால்? ஓட்டி? படி இடது பக்கம் ஏறுகிறது, பந்து மேலிருந்து கீழேயா போகும்? முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும், நாளைக் காலைக்குள் நடக்கிற காரியமா? நடக்காது. முடியவே முடியாது. அப்பாடா! வாய்விட்டே சொன்னேன், அப்பாடா என்று. முதுகுவலி பொய், மோட்டார் பொய், இது மட்டும் பத்தரைமாற்று நிஜம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உடனே போனை எடுத்துத் தட்டினேன். அனைவருக்கும் வணக்கம், எனது இயந்திரம் எதிர்த்திசையில் அமைந்துவிட்டதை இப்போதுதான் கவனித்தேன், எனவே வருந்துகிறேன். நல்ல தமிழ். ஆபீஸ் தமிழ். பச்சை அம்பை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. விரல் அங்கேயே நிற்கிறது. அமுக்கினால் பரவாயில்லை சார் என்று வரும். கட்டைவிரல்கள் வரும். அப்புறம் ஒன்றுமே வராது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, கைக்குள்ளேயே போன் அதிர்ந்தது, பயந்து கீழே போட்டிருப்பேன்.

"ஏனுங்க, நம்பிராஜன் சாருங்களா? நான் பல்லடம் பூங்கொடி பேசறனுங்க, நாளைக்கு உங்களுக்கு முன்னாடி என்னுதுதான்." ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காலையிலிருந்து, இல்லை நேற்றிலிருந்து, யாரிடமும் பேசவில்லை, கரகரவென்று ஏதோ ஒரு சத்தம். செருமிக்கொண்டேன். "தூங்கிட்டிருந்தீங்களா சார்?" "இல்லைம்மா." "உங்க தொட்டி எவ்வளவு ஒசரம்னு கேக்கத்தான். என்னுது கொஞ்சம் உசக்கயே கொட்டுதுங்க, பந்து எகிறி வெளிய போயிருமோன்னு. ஒரு நிமிசம் சார்... சளி மருந்துங்களா, குழந்தைக்கா பெரியவங்களுக்கா, டேய் அந்த ரெண்டாந்தட்டுல பாரு... சொல்லுங்க சார், மெடிக்கல்ல இருக்கறேன்." எனக்கு ஒசரமெல்லாம் சொல்ல வரவில்லை. "என்னுது திரும்பிப்போச்சும்மா" என்றேன். "எது சார்?" வலதிலிருந்து இடது என்பதைச் சொன்னேன், சாரம், படி எல்லாவற்றையும் சொன்னேன், கோர்வையாக இல்லை. அந்தப் பக்கம் சிரிப்பு. "அட, அவ்வளவுதானுங்களா? அப்படியே முன்னதைப் பின்னதாத் திருப்பி வெச்சுருங்க. வலது இடதாப் போச்சு, தீந்துது." நான் மேஜையைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிப் போட்ட மேஜை. இதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே, அங்கே ஆள் நிற்கலாம் என்பதே, எனக்குத் தோன்றவில்லை. "திருப்பினா வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு முதுகுதாம்மா தெரியும். கம்பியும் ஒயரும் மோட்டாரும். முகமெல்லாம் அந்தப் பக்கம் போயிரும்." "அந்தப் பக்கம் யாருங்க உக்காந்திருக்கறது? நாமதானுங்களே! நாள் பூரா நாற்காலிய போட்டுட்டு அடுத்தவங்க மோட்டாரையும் ஒயரையும் பாத்துட்டே உக்காந்துட்டிருக்கறோம். ஒண்ணாச்சும் எங்களுக்கு மூஞ்சியக் காட்டட்டும் சார், தொலையுது." மறுபடி மருந்துக் கடைச் சத்தம், சில்லறை இல்லை என்று யாரையோ வைதுவிட்டு வந்தாள். "காலைல எந்நேரத்துக்கு வர்றீங்க?" வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேனே, அதைச் சொல்ல வேண்டியதுதானே, சொல்லு. வாயில் வேறொன்று வந்தது. "மண்டபத்துக்குள்ள தனியா நுழைய எனக்குப் பயம்மா இருக்கும்மா. வீட்டுல அவ இருந்தவரைக்கும் அவளோடதான் போவேன்." சொன்னதும் காது சூடாகிவிட்டது. அறுபது தாண்டிய மனுஷன், முன்பின் தெரியாத பொம்பளையிடம். அவள் ஐயோ என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "நீங்க வரலீன்னா என் பந்து தரையிலதானுங்க உழுகும்" என்றாள், சண்டைக்கு வருகிற மாதிரி. "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுக் கட்டியிருக்கறேன் சார், அதெல்லாம் முடியாது. காந்திபுரத்துல எட்டு மணிக்கு எறங்கறேன், ரெண்டு பெட்டி இருக்குது, டவுன் பஸ் நிக்கற பக்கம் வந்துருங்க. ஒரே ஆட்டோவுல போயிக்கலாம். சரிங்களா?" சரி என்றேன். "வந்துருவீங்கல்ல?" வந்துடறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

எழுதி வைத்த வருந்துகிறேனை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன், அது நீளமாக இருந்தது. மேஜையின் ஒரு முனையைப் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்தேன், கிறீச்சென்று கத்தியது, கீழ் வீட்டுக்காரர் வந்தால் வரட்டும். மிஷினை முன்னதைப் பின்னதாகத் திருப்பிவைத்தேன். கம்பியும் ஒயரும் ஹாலைப் பார்க்க, பாட்டரி டப்பாவைச் சுற்றி ஒட்டிய பழைய டேப் பல்லிளித்தது. நான் பக்கவாட்டில் நுழைந்து சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் போய் நின்றேன், ஏழு பேரும் என் பக்கம். மோட்டாரைப் போடவில்லை. பயம் குறைந்துவிட்டதா என்று பார்த்தேன், குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருந்தது. ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவேன், பல்லடத்தில் மழையா என்று கேட்பேனா, கேட்டால் போதுமா, வாசலில் யாராவது சார் யாரு என்று கேட்டால் அவள் சொல்வாளா நான் சொல்ல வேண்டுமா. நான்தான் சொல்ல வேண்டும். நம்பிராஜன். என் பேர் நம்பிராஜன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், கரகரப்பு இன்னும் போகவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அழுகை வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று சும்மா நின்றேன். நாளைக்குப் போட ஒரு சட்டைகூட இஸ்திரி போட்டதாக இல்லையே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. முனையில் இஸ்திரி வண்டிக்காரர் கரியை அணைப்பதற்குள் போக வேண்டும், நீலச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன்.